முடிவெடுத்தவர்

கரந்தைப் பக்கம் போகும் குழாயின் வால்வை
இப்போது யாரும் கையால் திருகுவதில்லை.
என் திரையில் பச்சைக் கட்டம் ஒன்று வரும்,
அடியில் பெரிய பொத்தான்: ஒப்புக்கொள்.
மறுக்கவும் ஒன்று உண்டு, மூலையில், சாம்பல் நிறத்தில்.
அதைத் தொட்டால் பதினான்கு கேள்விகள்,
மேற்பார்வையாளரின் கையொப்பம்.
நாற்பது நொடியில் கட்டம் தானே மூடிக்கொள்ளும்,
ஒப்புக்கொண்டதாக.

மூன்றாம் மாடி. ஏசி குளிர்.
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு சம்பளம்.
இரவு ஷிப்டில் இருநூற்றுப் பத்து முறை ஒப்புக்கொண்டுவிட்டு
காலை ஆறரை டவுன் பஸ்ஸில் தூங்கிப்போவேன்.

காளவாய்ச் சந்துக்குப் பதினொரு நிமிடம்
என்று வந்தது சித்திரையில்.
புறவழிச்சாலைக் குடியிருப்புக்குத் தொண்ணூறு.
ஏன் என்று பொறியாளரைக் கேட்டேன்.
"சிஸ்டம் சொல்லுதும்மா."
சிஸ்டத்துக்கு யார் சொன்னது?
நல்ல மனிதர், எழுதிக் கேட்டார்.
இரண்டு வரியில் பதில் வந்தது:
கணக்கிடும் முறை நிறுவனத்தின் சொத்து.
வெளியே சொல்வதற்கில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் சர்வர் படுத்தது.
சரிசெய்ய வந்த பையன்
ஏதோ அட்டவணையைத் திறந்துவைத்துவிட்டு டீக்குப் போனான்.
பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான்.
தெருவாரியாகச் செயலியில் வந்த புகார்கள்.
குடியிருப்பு, முந்நூற்று ஆறு.
சந்து, பூஜ்யம்.
பூஜ்யத்துக்கு எதிரே சின்ன எழுத்தில்
திருப்தி: நூறு சதவீதம்.

செயலிக்குப் போன் வேண்டும்.
போனுக்கு ஓடிபி வர ரீசார்ஜ் வேண்டும்.
பின்னிரவில் குடம் தூக்கியவளுக்கு
உட்கார்ந்து நட்சத்திரம் குத்த நேரம் வேண்டும்.
வாய் திறக்காத தெரு வயிறு நிறைந்த தெரு என்று
எவனோ, எங்கேயோ, ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
எழுதிவைத்து
மறந்தும் போயிருப்பான்.

எங்கள் ஊர் மதகில் லஸ்கர் வைரப்பன் இருந்தார்.
யோக்கியன் என்று சொல்ல மாட்டேன்.
இருபது ரூபாய்க்கு ஷட்டர் ஒரு சுற்று கூட ஏறும்.
கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு போய்
அவர் வாசலில் நின்று
ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள்.
கதவைச் சாத்திக்கொள்வார். ஆனாலும் விடிவதற்குள்
எங்கள் வாய்க்காலில் கொஞ்சம் ஈரம் நடந்திருக்கும்.
திட்டுக்கு ஒரு வாசல் இருந்தது.
அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

போன செவ்வாய் லீவு போட்டுவிட்டு
ஒரு குடத்தோடு சந்து வரிசையில் நின்றேன்.
மூன்று ஐந்து. குழாய் இருமியது. காற்றைத் துப்பியது.
கொள்ளிடம் வந்தது, நூலாக.
எனக்கு முன்னால் பதினேழு குடம்.
ஒன்பதாவதில் நின்றது.

சவரியம்மாள் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
தகவல் உரிமையில் மனுப் போட்டு
நாலு மாதம் அலைந்து வாங்கியது, மடிப்பில் கிழிந்திருந்தது.
"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே, வாசியேன்" என்று
என் கையில்தான் கொடுத்தாள்.

தேதி. நேரம். பதினொரு நிமிடம்.
காரணம் என்ற கட்டம் காலி.
முடிவெடுத்தவர் என்ற இடத்தில், கச்சிதமான எழுத்தில்,
பெ. தையல்நாயகி.
மறுநாளும் பெ. தையல்நாயகி.
அதற்கடுத்த நாளும்.

"யாருடி இவ?" என்றாள் பின்னால் நின்றவள்.
"எந்தத் தெருவுல இருக்கா?
அவ வீட்டுக் குழாயில மட்டும் ஆறு ஓடுதோ?"

தாளை மடித்தேன். விரித்தேன்.
யாரோ பிடித்த டார்ச் வெளிச்சம்
எழுத்தை விட்டு என் முகத்துக்கு ஏறியது.
என் குடமும் காலி என்பது
ஒரு பதிலாகுமா என்று யோசித்தேன்.
நாற்பது நொடி இருக்கும்.