அரியமான் கரையில் ஒரு குய்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்
தொலைத்துவிட்டுப் போனதையெல்லாம்
திங்கள் விடியலில் நாங்கள் பொறுக்குவோம்,
நானும் நஜ்முதீனும்.
துபாயிலிருந்து அவன் மச்சான்
பேரீச்சம்பழத்தோடு கொண்டுவந்த மெட்டல் டிடெக்டர்:
ஒரு கம்பு, நுனியில் வட்டத்தட்டு,
காதுக்கு ஒரு ஹெட்செட்.
உச்சிப்புளியில் அதற்குப் பெயர் பூமி ஸ்கேன்.

அரியமானில் அலை அடிப்பதில்லை,
தளும்பும்.
சவுக்குத் தோப்புதான்
கடலுக்கும் சேர்த்து இரைந்துகொண்டிருக்கும்.

சோடா மூடிக்கு ஒரு குரல், கீச்சென்று.
ஈயக்குண்டுக்குத் தடித்த தொண்டை.
பத்து ரூபாய்க் காசு இரண்டு சுருதியில் பேசும்,
நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று.
தங்கத்தின் குரல் பழக
பெண்டாட்டி மோதிரத்தைப் புதைத்துவிட்டுத் தேடினான் நஜ்முதீன்.
நாற்பது நிமிடம் கழித்துக் கிடைத்தது.
அந்த நாற்பது நிமிடத்தில்
அவன் ஓதாத துஆ இல்லை.

புதையல் கிடைத்தால் தாசில்தாரிடம் கொடுக்கணும் என்பான்.
கொடுப்போம், ஒருதரம் கடித்துப் பார்த்துவிட்டு
என்பேன் நான்.

போன திங்கள்
தோப்பு முடிந்து மணல்மேடு ஏறும் இடத்தில்
மெஷின் அலறியது.
கீச் இல்லை, தடிப்பு இல்லை,
தாலி கட்டி முடித்த பிறகும்
நாதஸ்வரக்காரர் விடாமல் இழுப்பதுபோல்
ஒரே ஊளை.
தட்டை ஒரு எட்டு நகர்த்தினால் அங்கேயும்,
மூணு எட்டு தள்ளினால் அங்கேயும்.
"பெட்டி" என்றான் நஜ்முதீன்.
குரல் இறங்கிப்போயிருந்தது.
"டச்சுக்காரன் பெட்டி."

மணலைத் தோண்டத் தோண்ட
எடுத்ததைத் திருப்பிக் கேட்கும்.
கரைவலைக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்தார்கள்.
ஒருவர் பீரங்கி என்றார்.
ஒருவர் சிலை என்று செருப்பைக் கழற்றினார்.
ஒருவர் வெடிகுண்டு என்றார்,
சொல்லிவிட்டு இன்னும் கிட்ட வந்தார்.
வந்தவர்களில் ஒரு ஆள்
என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு
மூச்சுவிடாமல் இடுப்பளவு இறக்கினார்.

முதலில் வெளியே வந்தது
ஒரு கைப்பிடி. கருப்பு ரப்பர்.
டச்சுக்காரனுக்கு ஏது ரப்பர் என்று
யாரும் கேட்கவில்லை.
அப்புறம் பிரேக் கம்பி.
அப்புறம், துரு உப்பிப்
பணியாரமாய்ப் பொங்கிய
ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி.

கூட்டம் சிரித்தது.
நம்புவேல் சிரிக்கவில்லை. குழிக்குள் இறங்கினார்.
பெட்ரோல் மூடியைச் சுற்றிக் கட்டியிருந்த
செம்புக் கம்பியைத் தொட்டார்.
"இது நான் முறுக்கினது."

பதினோரு வருடம்.
ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த புகாரில்
சந்தேகம் யார்மேல் என்ற இடத்தில்
தங்கச்சி புருஷன் களஞ்சியம்.
அன்றிலிருந்து
காதுகுத்துக்குப் பத்திரிகை கிடையாது,
சாவுக்கு மட்டும் வருவார்கள்,
வந்து பந்தலுக்கு வெளியே நிற்பார்கள்.

களஞ்சியம் இப்போது குழி விளிம்பில் நின்றார்.
கையில் எங்கள் மண்வெட்டி.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தோம்.
டேங்க் ஓட்டையிலிருந்து ஒரு நண்டு ஏறி வந்து
எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்
திரும்ப உள்ளே போய்விட்டது.

"பெட்ரோல் இருக்கான்னு பாருங்க மச்சான்"
என்றார் களஞ்சியம்.
நம்புவேலின் முதுகு குலுங்கியது.
சிரிப்பென்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்,
இரும்புக்கடையில் கிலோ என்ன விலை
என்று அதற்குள் ஒரு தகராறு.
"திருடினவன் யாருன்னு இதுல தெரியுமா?"
என்று மெஷினைக் காட்டிக் கேட்டார் செருப்பைக் கழற்றியவர்.
அந்த மாடல் இன்னும் வரவில்லை என்றான் நஜ்முதீன்.

வெயில் ஏறிவிட்டது.
செல்போன் கடையை நான் திறக்க வேண்டும்,
அவன் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும்.
சும்மா, கை அரிப்புக்கு,
காலிக் குழிமேல் ஒருதரம் தட்டை ஆட்டினேன்.

மெல்ல, இரண்டு சுருதியில்,
பத்து ரூபாய் மாதிரியும்
பத்து ரூபாய் இல்லாத மாதிரியும்
குய்.

நஜ்முதீன் சைக்கிளை மறுபடி ஸ்டாண்டு போட்டான்.