பாதிக்கு மேல்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்து மணிக்கு,
நொய்யல் பாலத்தில் என்னைக் கைமாற்றுவார்கள்.
பெருந்துறையிலிருந்து முத்துரத்தினம் பாதி வழி,
காங்கயத்திலிருந்து கோகிலவாணி பாதி வழி,
மைனர் தர்ஷிகா முழு வழி.
கடைசி வரி மட்டும் கோர்ட்டுத் தாளில் இல்லை.

"இது நடுவே இல்லீங்.
எனக்கு ஒண்ணரை கிலோமீட்டர் கூட ஓடுது."
"அவரு மீட்டரு என்னைக்குச் சரியா ஓடுச்சு?"
இது அம்மா,
என்னைப் பார்த்து.

நேற்று ராத்திரி
ஈரோடு ஒரு தாள், திருப்பூர் ஒரு தாள்,
செல்லோடேப் போட்டு ஒட்டினேன்.
கவராயத்தைக் கொஞ்சமாகத் திறந்து
காங்கயத்தில் ஊன்றி ஒரு வில்,
அதே அளவில் பெருந்துறையில் ஒரு வில்.
அதது அதனதன் ஊரைச் சுற்றிப்
படுத்துக்கொண்டது.
தொடவே இல்லை.

பாதிக்கு மேல் திறக்க வேண்டும்.
ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்த வரி.
சரியாகப் பாதி திறந்தால்
ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நிற்கும்,
கோடு போட வராது.

திறந்தேன்.
ஊத்துக்குளிப் பக்கம் ஒரு வெட்டு,
அறச்சலூர்ப் பக்கம் ஒரு வெட்டு.
அடிக்கோலை வைத்து இழுத்தேன்.

நடுப்புள்ளி விழுந்த இடத்தில்
பாலமும் இல்லை, ரோடும் இல்லை.
ஏதோ ஒருத்தரின் கொறங்காடு.
கிளுவை வேலி, ரெண்டு வேலாமரம்,
மேய்கிற எருமை ஒன்றை நானே போட்டுக்கொண்டேன்.
ரோடு வளைந்து வளைந்து போகிறது,
இரண்டு மீட்டரும் பொய் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.
அதில் எங்கே நின்றாலும்
இரண்டு பேருக்கும் ஒரே தூரம்.
கொறங்காட்டில் நின்றாலும் சரி,
தாளைத் தாண்டி, மேசையைத் தாண்டி,
பேர் தெரியாத ஊரில்
ஒரு ஹாஸ்டல் மொட்டைமாடியில்
துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் சரி.
யாரும் மீட்டரைக் காட்ட முடியாது.

அடுத்த கணக்கு, கோணத்தை இருசமமாக வெட்டுவது.
அதில் இரண்டு கைகளும்
ஒரே புள்ளியில் தொடங்கியவை.
அதை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று
நோட்டை மூடிவிட்டேன்.

இன்று சனிக்கிழமை.
கீழே ஆற்றில் சாயநுரை.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன்:
"அடுத்த தடவை பாலத்தத் தாண்டி வாங்கப்பா.
அம்மாகிட்டயும் அப்படியேதான் சொல்லப்போறேன்."

"ஏங் கண்ணு, ரெண்டு பேரும் தாண்டி வந்தா
அப்பறம் எங்க நிக்கறது?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார்.
காதில் விழாதது போல
நான் எருமையைத் தேடிக்கொண்டிருந்தேன்.