காரணம் என்ற கட்டம்

இருபத்து மூன்று வருடத்தில்
பாயான் லெப்பாஸில் நான் தூக்கியதிலேயே கனமானது
ஒரு சாமணம்.
அதன் நுனியில் ஒரு சிலிக்கன் வில்லை.
மூச்சு பட்டாலே குற்றம்.

இடுப்பெலும்பை ஸ்கேன் எடுத்தவர்
திரையை என் பக்கம் திருப்பினார்.
கழித்தல் இரண்டு புள்ளி மூன்று.
மாத்திரை எழுதிவிட்டு
எதையாவது தூக்குங்கள் என்றார்.
எதை என்று சொல்லவில்லை.

ஜெலுத்தோங்கில், மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் வாடையும்
கீழே கொய்த்தியோ பிரட்டுகிற புகையும்
ஒரே ஜன்னலில் கலக்கும்.
வெய் ஷியாங்குக்கு என் மகன் வயதுகூட இல்லை.
"ஆண்டி, லாகி சத்து" என்பான்.
மலாயில் சத்து என்றால் ஒன்று.
எனக்கு அது
தமிழில்தான் கேட்டது.

முதல் நாள் வெறுங்கம்பி, பதினைந்து கிலோ.
மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற
காலைக் கையால் தூக்கி வைத்தேன்.
ஆறு வாரத்தில் முப்பது கிலோ வந்தது.
தையல் டேப்பால் புஜத்தை அளந்தால்
நூலளவும் கூடவில்லை.
சதை வராமல் பலம் எப்படி?
நைட் ஷிப்ட் பார்த்தவளுக்கு இது புரியும்:
புதிதாக ஆள் எடுக்கவில்லை.
ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டி விரித்துத்
தூங்கிக் கிடந்தவர்களை
நரம்பு போய்ப்
பெயர் சொல்லி எழுப்பியிருக்கிறது.

சதை அதற்கப்புறம்தான்.
அதுவும் அங்கே இல்லை, படுக்கையில்.
கிழிந்ததை ஒட்டும்போது
போன தடவை பட்ட அவமானத்தை மறக்காமல்
ஒரு பிடி கூடுதலாக வைத்து ஒட்டும்.
தசைநாண் மட்டும் அரசாங்க ஆபீஸ்.
மனு போட்டு மூன்று மாதம்.
நடுவில் அவசரப்பட்டேன், முழங்கை வீங்கியது.

எலும்பு இன்னும் மோசம்.
குடித்த பாலுக்கும்
தண்ணீர்மலைக்குச் சுமந்த பாலுக்கும்
அசையவே இல்லை.
பாரம் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று பார்த்து
அந்தப் பக்கம் மட்டும்
ஒரு கரண்டி சுண்ணாம்பு பூசுமாம்.
பார்த்தவர் யார்?

ரொஹானிஸா
துடோங் நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
எண்பது கிலோவை எடுப்பாள்.
எடுப்பதைவிட வைப்பதுதான் அழகு,
சத்தமே வராது.
வந்தால் கீழே கடைக்காரர் கத்துவார்.

ஜூலையில் டெங்கி.
ஜி.எச்.-இல் ஒன்பது நாள், வீட்டில் மூன்று வாரம்.
எழுந்து நின்றபோது
தொடை வேறு யாருடையதோ.
மறுபடி வெறுங்கம்பி.
வெய் ஷியாங் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்,
நல்ல பிள்ளை.
ஆனால் ஐந்து மாதத்தில் ஏறியது
இம்முறை ஐந்து வாரத்தில் ஏறிவிட்டது.
இழைக்குள் குடியேறிய கருக்கள்
சதை வற்றினாலும் காலி செய்வதில்லையாம்.
லைனை மூடின பிறகும்
எங்கள் பேட்ஜ் நம்பரை
யாரும் அழிக்காத மாதிரி.

போன செவ்வாய், இரண்டாவது பிரேக்குக்கு முன்,
சாமணத்தில் ஒரு வில்லை
டக் என்றது.
இத்தனை வருடத்தில் முதல் தடவை.
கையுறைக்குள் காய்ப்பு,
நாலு விரலுக்கும் அடியில் நாலு துவரம்பருப்பு.
விரல்கள் எப்போதும் போலத்தான் பிடித்தன.
எப்போதும் போல என்பது
எப்போதோ மாறியிருக்கிறது.

சூப்பர்வைசர் படிவம் நீட்டினார்.
தேதி, நேரம், லாட் நம்பர்.
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை ஊன்றி
அடுத்த ஸ்கேன் மார்ச்சில்தான் என்று
சம்பந்தமில்லாமல் நினைத்துக்கொண்டேன்.
கட்டத்தில் ஒரு மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.

பிறகு புதுச் சாமணம் ஒன்று கேட்டு வாங்கி
வெறுங்காற்றைப் பிடித்துப் பார்த்தேன்.
லேசாக.
இன்னும் லேசாக.
லாகி சத்து.