குறுக்கு

நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ.
திலக் நகரில் லிஃப்ட் இல்லாத கட்டிடம் எத்தனை என்று
முனிசிபாலிட்டியைக் கேட்காதீர்கள்,
என் முட்டியைக் கேளுங்கள்.
பதினெட்டு வருஷம்.
இடது தோள் அலுத்தால் வலது தோள்.
அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

விழுந்தது ஒரு அழிரப்பருக்கு.

மகள் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டிருந்தாள்.
குனிந்தேன்.
குனிந்தவன் குனிந்தபடியே.
உள்ளே யாரோ பூட்டைத் திருகிவிட்டு
சாவியோடு இறங்கிப் போய்விட்டதுபோல.
மோரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
குழாய்த் தண்ணீர் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது,
மூட ஒரு சாண் எட்டவில்லை.

"குறுக்கு பிடிச்சிட்டு" என்று
செல்வக்கனி வள்ளியூருக்கு போன் போட்டாள்.
சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க வைத்தியர்கள்.
பச்சைத் தைலம், இடுப்பு பெல்ட், மணல் ஒத்தடம்.
எதிர்வீட்டு மோரே அம்மா
கால் முன்னே வரப் பிறந்த தன் தங்கை மகனைக் கூட்டிவந்தாள்,
அவன் மிதித்தால் போய்விடுமாம்.
பையனுக்குப் பன்னிரண்டு வயது,
வெட்கப்பட்டுக்கொண்டே மிதித்தான்.
வலி போகவில்லை. வடா பாவ் வாங்கிக் கொடுத்தோம்.

பதினோரு நாள் தரையில்.
மேல்வீட்டு ஈரம் கூரையில் வரைந்த தேசங்கள்
ஒவ்வொன்றும் பழக்கமாயின.
இருமல்கூடப் பரவாயில்லை, தும்மல்தான் எமன்.
மூக்கு அரித்தாலே
கை தானாகச் சுவரைத் தேடும்.

சயான் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
எல் நாலு, எல் அஞ்சு என்று எழுதியிருந்தது.
எனக்கு அது டெலிவரி முகவரியாகத்தான் பட்டது:
எல் விங், நாலாம் நம்பருக்கும் அஞ்சாம் நம்பருக்கும் நடுவே
யாரோ செருப்பு ஸ்டாண்டைப் பாதையில் தள்ளி வைத்திருக்கிறார்கள்.
சொன்னேன். பிசியோ ரூபாலி மேடம் சிரித்துவிட்டார்.
வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும்
இப்படி நிறைய ஸ்டாண்டு தெரியுமாம்.
கால் மரத்துப்போகிறதா,
ஒன்றுக்குப் போவதில் சிரமமா என்று
இரண்டு தடவை கேட்டார். இல்லை.
"அப்போ எழுந்து நடங்க."
வலிக்குமே மேடம்?
"வலிக்கும். ஆனா எதுவும் உடையாது."

பஸ்ஸில் உட்காராமல் நின்றபடியே வந்தேன்.
குர்லா சிக்னலில்தான் உறைத்தது.
கேஸுக்குத் தனக்கென்று வாசனை கிடையாது.
கசிந்தால் தெரியட்டும் என்று
அந்த நாற்றத்தை நாமேதான் கலக்கிறோம்.
ரெகுலேட்டரை மூடிய பிறகும்
சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும்.
பதறிப்போய் போன் செய்கிற எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்,
மூடியாச்சு அக்கா, இது மிச்ச வாசனை,
ஜன்னலைத் திறந்து வையுங்க.

நானோ
என் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு
பதினோரு நாள் மோந்துகொண்டு கிடந்திருக்கிறேன்.

முதல் நாள் சந்து முனை வரை.
நாலாம் நாள் ஸ்டேஷன் படிக்கட்டு வரை,
ஏறவில்லை, பார்த்துவிட்டு வந்தேன்.
காலையில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே பாய் விரித்து
மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்க,
மகள் ஸ்கூல் பாஷையில் எண்ணுவாள்:
ஏக், தோன், தீன்.
பத்து வருவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

குறுக்கு வலிக்குக் குறுக்கு வழி இல்லை.
எங்கள் சந்தில் வலியும் வழியும்
ஒரே உச்சரிப்புதான்,
எதைச் சொல்கிறேன் என்று செல்வக்கனிக்கே குழப்பம்.

ஏஜென்சியில் ஒரு மாதம் பில் போடும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.
உட்கார்ந்தால் அரை மணிக்கொரு தரம் முனகுகிறது,
எழுந்து சிலிண்டர்களை எண்ணிவிட்டு வருகிறேன்.
மழை நாளில் இன்னும் கடுப்பு உண்டு.
மூன்றாம் மாடிக்காரர்கள் விசாரிக்கிறார்களாம்.
ரப்பர் இன்னும் கட்டிலுக்கடியில்தான்.
மகள் வேறு வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை, பல் துலக்கும்போது
ஒரு தும்மல் வந்தது, பெரிதாக.
தும்மி, வாய் கொப்பளித்து, முகம் துடைத்து,
டீ பாதி குடித்த பிறகுதான்
ஞாபகம் வந்தது,

சுவரைப் பிடிக்க மறந்திருந்தேன்.