இரண்டு கறைகள்

வீகோ துறைமுகத்தில் இன்னும் விடியவில்லை.
கட்டிலைவிட்டு இறங்குமுன்
காலுறையோடு மல்லுக்கட்டுகிறாள் தொரிந்தா.
ரத்தம் கீழே இறங்கித் தேங்குவதற்குள்
முழங்கால்வரை ஏற்றிவிட வேண்டும்.
பாதியில் மூச்சுவாங்கி
ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறாள்.
ஏறிவிடுகிறது.

எட்டு மணி நேரம் நிற்கிற வேலை.
மத்தி மீன்கள் தலையில்லாமல் வரும்,
டப்பாவுக்கு ஆறு, வாலும் கழுத்தும் மாற்றி மாற்றி.
மேசைக்கு மேலே கைகள்தான் தெரியும்.
கீழே, ரப்பர் பூட்ஸுக்குள்,
குதிகால் எழும், தாழும், எழும்.
"யாருக்கு இந்த ஆட்டம்?" என்பான் மேற்பார்வையாளன்.
"ஆட்டமில்லை. இறங்கியதை ஏற்றி அனுப்புகிறேன்."

பக்கத்தில் நிற்கும் சபேலா சிரிப்பதில்லை.
அவள் கெண்டைக்காலில்
நீலக் கயிறுகள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன.
போன வாரத்திலிருந்து
அவள் குதிகாலும் எழுகிறது,
கொஞ்சம் தாளம் தப்பி.

இரவு. சமையலறைத் தரையில் மல்லாந்து
சுவரில் கால்களைச் சாய்க்கிறாள் தொரிந்தா.
பத்து நிமிடம்.
கணவன் அவளைத் தாண்டிப் போய்
சூப்பை ஊற்றிக்கொள்கிறான்.
ஈஸ்டருக்கு வெள்ளையடித்தபோது
பிரஷ்ஷும் கையுமாக நின்று கேட்டான்,
இந்த இரண்டு குதிகால் கறைகளை
என்ன செய்வதென்று.

விட்டுவிடு, என்றாள்.
நாளைக்கும் வருவேன்.