நாலும் ஏழும்

பிட்கோஷ்ச் நகரத்து ஆறாம் மதகுக்கு
இரவில் படகு வராது.
மணிக்கொரு தரம் நீர்மட்டம் பார்த்துப்
பதிவேட்டில் எழுதவேண்டும், அவ்வளவே.
மீதி நேரத்துக்கு
வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம்.

பகல் முறை யாத்விகாவுக்கு.
அவளும் ஒரு பிரதி வாங்குவாள்.
மாலை ஆறுக்குச் சாவிக்கொத்தைத் தரும்போது
"முடிச்சாச்சா?" என்பாள்.
மூன்று வருடமாய் வேறு பேச்சில்லை.

பார்த்ததும் விழுகிற கட்டங்களை நான் தொடுவதில்லை.
ஐந்து நட்சத்திரம் போட்டது வேண்டும்.
பென்சிலைச் சீவிக்கொண்டு
ஒவ்வொரு வெற்றறையிலும்
வரக்கூடியதையெல்லாம் பொடிப்பொடியாய் எழுதி
பிறகு எழுதியதை அடிக்கவேண்டும்.
அடிப்பதுதான் வேலை.
எது வராது என்பதற்கே
இரவெல்லாம் சாட்சி தேடுகிறேன்.

அந்த வாரம்
இரண்டாம் வரிசையில் ஐந்துக்கு இரண்டே இடம்:
மூன்றாம் பத்தி, எட்டாம் பத்தி.
ஏழாம் வரிசையிலும் அதே மூன்று, அதே எட்டு.
எந்த மூலையில் உட்காரும், தெரியாது.
தெரியவேண்டியதும் இல்லை.
அந்த இரு பத்திகளின் மற்ற ஐந்துகள்
ரப்பரின் ஒரே இழுப்பில் போயின.
இதையே மூன்று வரிசைக்கு நீட்டினால்
வாள்மீன் என்று பெயர்.
இந்தக் கால்வாயில் கெண்டைக்கு மேல் எதுவும் சிக்கியதில்லை.
அன்று சிக்கியது, எட்டு என்ற எண்ணில்,
மணி ஒன்றரைக்கு.

பிறகு சங்கிலி.
புத்தகத்தில் படித்தபோது மண்டையில் ஏறவில்லை,
மதகுதான் புரியவைத்தது.
இந்த அறையில் ஒன்று இல்லையென்றால்
அந்த அறையில் ஒன்று.
அங்கே ஒன்றென்றால் பக்கத்தில் மூன்று,
மூன்றென்றால் கீழே ஆறு.
ஒரு கதவு மூட ஒரு கதவு திறக்கும்.
இப்படியே போய்க் கடைசிக் கதவு
முதல் கதவில் இடித்தால்
தொடக்கத்தில் 'இல்லை' என்றேனே, அது பொய்.

மூன்று மணி. நீர்மட்டம் இரண்டு மீட்டர் பன்னிரண்டு.

மிஞ்சியதில் ஒரு நீள்சதுரம் கண்ணில் பட்டது.
நாலாம் வரிசையில் இரண்டு மூலை, ஆறாம் வரிசையில் இரண்டு.
மூன்று மூலையில் நாலும் ஏழும் மட்டும்.
நாலாவதில் நாலு, ஏழு, ஒன்பது.
ஒன்பது வராவிட்டால்
நாலையும் ஏழையும் இடம் மாற்றி மாற்றி வைக்கலாம்,
விடை இரண்டாகிவிடும்.
விடை இரண்டாக வாய்ப்பில்லை.
ஆகவே ஒன்பது.
இதைவிட அழகான கணக்கு எனக்குத் தெரியாது.
அழுத்தி எழுதினேன்.

நாலு மணிக்குக் கடைசி வரிசையில்
இரண்டு இரண்டுகள் நின்றன.
அழித்தேன். வாள்மீனைச் சோதித்தேன்.
சங்கிலியைக் கண்ணி கண்ணியாய்த் தடவினேன்.
தாள் கிழிந்தது.
ஐந்து மணி நீர்மட்டம் எழுத மறந்தேன்.

காலையில் அவள் பையிலிருந்து அவளுடைய தாள்.
எல்லாம் நிரம்பியிருந்தது, அந்த நாலு மூலை தவிர.
ஒவ்வொன்றிலும் நுணுக்கி நாலு, ஏழு.
"இதை ஏன் விட்டுட்ட?"
"ரெண்டு விதமாவும் வருது. ரெண்டும் சரி."
"அப்படி வரக்கூடாது. போட்டவன்
ஒரே விடைதான் வெச்சிருப்பான்."
"அவனை உனக்குத் தெரியுமா, லேஷெக்?"

அடுத்த வாரம் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
ஆறாம் வரிசை, ஒன்பதாம் பத்தியில்
ஏழு அச்சில் விடுபட்டது, வருந்துகிறோம்.
நான் ஒன்பதை அழுத்தி எழுதிய அதே அறை.

விடை தெரிந்த பிறகும்
யாத்விகா தன் தாளை நிரப்பவில்லை.
அறைச் சன்னலில் ஒட்டியிருக்கிறது,
நாலு மூலையும் முடிவெடுக்காமல்.

இன்று நான் கிளம்புமுன்னே
ஜல்லி ஏற்றிய படகு ஒன்று வந்துவிட்டது.
மேல்கதவுக்கான பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு
கீழ்க்கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.
பார்க்கத் தேவையே இல்லை,
இரண்டையும் ஒன்றாகத் திறக்க இயந்திரம் விடாது.
பார்த்தேன்.