நேரில் வரவில்லை

புதன்கிழமைகளில் தாலுகா ஆபீஸ்
வில்லாபுரத்தில், எங்கள் மாடியில்,
இட்லித் தட்டு காயும் சன்னலோரம் இருக்கிறது.
ஏழரைக்கே தொடங்கலாம்,
நடுவில் பாப்பாவைக் கூட்டிவர நாற்பது நிமிஷம்
எடுத்துக்கொள்ளலாம். அரசாணையில் இடமுண்டு.
பெரியார் நிலையத்தில் படியில் தொங்கிய புதன்கள்
போனதில் வருத்தமில்லை.
முதுகுவலி பாதி குறைந்தது. பொய் சொல்வானேன்.

கீழே வேப்பமரத்தடியில்
சோணைமுத்துவின் இஸ்திரி வண்டி.
வாரம் ஐந்து சேலை போட்டவள்,
இப்போது நாலு.
அவர் ஒன்றும் கேட்டதில்லை.

பதினொன்றே காலுக்கு
ஒரு வாரிசுச் சான்று மனுவை மூடப்போனேன்.
மூன்று முறை என் கையால் எழுதிய குறிப்பு:
'அசல் ஆவணங்களுடன் மனுதாரர் நேரில் வரவில்லை.'
மனு எண்ணைத்தான் படித்திருக்கிறேன்.
தள்ளுபடி செய்யப்
பெயரை அடிக்கச் சொன்னது திரை.
சோ. ணை. முத்.
அங்கே நின்றது விரல்.

இறந்தவர்: ராக்காயி. உறவு: மனைவி.

துணிக்கட்டை இடுப்பில் இடுக்கி மாடியேறி
'பார்டர்ல மஞ்சக் கறை மேடம், போகவே இல்ல' என்று
சண்டையைத் தானே தொடங்கித்
தானே முடித்துவிட்டு இறங்குகிறவள்.
திருமங்கலத்தில் மகள் வீட்டில் இருப்பாள் என்று
நானாக நினைத்து
ஐந்து மாதம்.

நைட்டி மேல் துண்டைப் போட்டு இறங்கினேன்.

'இப்பத்தான் போயிட்டு வாரேன் மேடம்.
புதன்னா இந்தத் தெருவுல துணி விழாது,
மின்வாரியம், கருவூலம், எல்லாரும் வீட்டுலதான்.
அதான் புதனாப் பாத்துப் போறது.
அங்க சீட்டுல ஆளில்ல, ஃபேன் மட்டும் ஓடுது.'

எங்கிட்ட ஒரு வார்த்தை?

'வீட்டுல வந்து ஆபீஸ் வேலை கேக்கலாமா மேடம்?'

மஞ்சள் பையிலிருந்து எடுத்தார்:
குடும்ப அட்டை, இறப்புச் சான்று,
போஸ்ட் ஆபீஸ் புத்தகம், அதில் பதினோராயிரத்துச் சொச்சம்.
ஒரு தாளிலும் சுருக்கமில்லை.

கையில் போன் அதிர்ந்தது.
'நீங்கள் பணியிட எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள்.
உடனடியாகத் திரும்பவும்.'

இறப்புச் சான்றை வெயிலில் பிடித்து
முத்திரையைப் பார்த்தேன். அசல்.
மறுபடி அதிர்ந்தது.
பெட்டிக்கு அந்தப் பக்கம், ஈரச்சாக்கின் மேல்
கவிழ்த்து வைத்தேன்.